தண்ணீரில் கருந்துளை: உண்மையான இயற்பியலா, வெறும் பரபரப்பா?

கேள்வி: கும்பகோணம் பக்கம் ஒரு கல்லூரியில் எம்.எஸ்சி. இயற்பியல் படிக்கிறேன். தண்ணீர்த் தொட்டியில் கருந்துளையை உருவாக்கிவிட்டார்கள் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். இதை நம்பலாமா? ப்ராஜெக்டுக்கு எடுத்துக்கொள்ள முடியுமா?

பாதி உண்மை, மீதி தலைப்பு வைத்தவரின் கைவண்ணம். கருந்துளையை யாரும் உருவாக்கவில்லை. அதன் நிகழ்வெல்லைக்கு, அதாவது தாண்டி உள்ளே போனால் ஒளிகூடத் திரும்ப முடியாத எல்லைக்கு, இணையான ஒன்றை, அதுவும் நீர் அலைகளுக்கு மட்டும், உருவாக்கப் பார்த்தார்கள். கேட்கச் சப்பென்று இருக்கலாம். ஆனால் இயற்பியல் முழுக்க அந்த எல்லையில்தான் இருக்கிறது.

டெல்டாக்காரர் நீங்கள், தொட்டி தேடி அலைய வேண்டியதில்லை. மேட்டூர் திறந்து வாய்க்காலில் தண்ணீர் வந்த பிறகு ஏதாவது ஒரு நீரொழுங்கிக்கு (ரெகுலேட்டர்) போங்கள். லஸ்கர் (தண்ணீர் திறந்துவிடும் ஊழியர்) கைப்பிடியைச் சுற்றி ஷட்டரை ஒரு சாண் தூக்கும்போது கரையில் நின்று கீழ்ப்பக்கத்தைப் பாருங்கள். மேல்பக்கம் ஆள் உயரத் தண்ணீர் அசைவே தெரியாமல் நிற்கும். ஷட்டருக்கு அடியில் அது மெல்லிய தகடாக, நுரையில்லாமல், வழுவழுப்பாகச் சீறிக்கொண்டு வரும். கொஞ்ச தூரம் போனதும் எதிலும் முட்டாமலே சட்டென்று எழும்பி, தன்மேலேயே புரண்டு, வெள்ளையாக நுரைக்கும். அதற்கு அப்பால் வழக்கமான வாய்க்கால் ஓட்டம். சிவில் படித்தவர்கள் இதை ஹைட்ராலிக் ஜம்ப் என்பார்கள். கீழே கரையும் படுகையும் அரித்துப் போகாமல் இருக்க, தண்ணீரின் வேகத்தை இங்கேயே கொன்றுவிட வேண்டும் என்பதற்காகத் தளம் போட்டு இதை வரவழைக்கிறார்கள்.

ஒரு கணக்குப் போடுவோம். ஆழம் குறைந்த நீரில் நீண்ட அலையின் வேகம் ஆழத்தை மட்டுமே பொறுத்தது: மீட்டரில் ஆழத்தை 9.8-ஆல் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் வினாடிக்கு இத்தனை மீட்டர் என்று வரும். மேல்பக்கம் சுமார் 1.5 மீட்டர் தண்ணீர் நின்று, ஷட்டரைத் தாண்டியதும் ஓட்டம் 20 சென்டிமீட்டர் தடிமன் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெர்னூலி விதிப்படி அது வினாடிக்கு ஏறத்தாழ 5 மீட்டர் வேகத்தில் வெளியேறும். அந்த ஆழத்தில் அலைவேகமோ 1.4 மீட்டர்தான். ஆகவே அங்கே எழும் எந்த நீண்ட அலையும் எதிர்நீச்சல் போட முடியாது, அடித்துச் செல்லப்படும். இந்த இரண்டு வேகங்களின் விகிதம்தான் ஃப்ரூட் எண், இங்கே 3.6 அளவில் இருக்கிறது. உந்தத்தைச் சமன்செய்தால், தண்ணீர் சுமார் 90 சென்டிமீட்டர் ஆழத்துக்குத் தாவும் என்று கிடைக்கும். தாவிய பிறகு ஓட்டம் வினாடிக்கு 1.1 மீட்டர், அலைவேகம் 3 மீட்டர். இங்கே அலைகள் எதிர்த்திசையிலும் போகலாம், ஆனால் தாவல் வரைக்கும்தான். அதைத் தாண்டி மேலே ஏற முடியாது. உள்ளே எதுவும் நுழைய முடியாத, வெளியே மட்டும் வரக்கூடிய பகுதி: இது வெண்துளையின் எல்லை. கருந்துளை எல்லை வேண்டுமானால், தண்ணீர் வழிந்தோடும் ஒரு தடுப்பணையின் முகட்டைப் பாருங்கள். மெதுவான நீர் முகட்டில் அலைவேகத்தைத் தொட்டு, இறங்கும்போது அதை மிஞ்சுகிறது. இறக்கத்தில் பிறந்த நீண்ட அலை ஒருபோதும் மேலே நிற்கும் நீருக்குச் செய்தி சொல்லாது.

இதற்கும் ஈர்ப்புக்கும் என்ன உறவு என்று கேட்பீர்கள். சுழலாத கருந்துளையை விவரிக்கும் ஷ்வார்ட்ஸ்சைல்டு தீர்வைப் பென்லெவே 1921-லும் குல்ஸ்ட்ரான்ட் 1922-லும் வேறொரு ஆயத்தொலைவு முறையில் எழுதினார்கள். அதில் இடவெளிதான் (space) விடுபடு வேகத்தில் (escape velocity) கருந்துளையின் உள்நோக்கிப் பாய்கிறது. பாயும் வேகம் ஒளிவேகத்தைத் தொடும் இடம்தான் நிகழ்வெல்லை. ஒளிவேகத்தின் இடத்தில் அலைவேகத்தை வைத்தால் வாய்க்கால் கிடைக்கிறது. 1981-இல் இயற்பியலாளர் வில்லியம் உன்ரூ இதை ஒலிக்கு எழுதிக் காட்டினார்: ஓடும் பாய்மத்தில் செல்லும் ஒலியின் சமன்பாடு, வளைந்த காலவெளியில் செல்லும் ஒரு புலத்தின் சமன்பாடேதான். கருந்துளையும் மெல்ல வெப்பக் கதிர்வீசும் என்று ஸ்டீபன் ஹாக்கிங் 1974-இல் சொன்னார். அந்தக் கதிர்வீச்சுக்கு, ஈர்ப்பை விவரிக்கும் ஐன்ஸ்டைனின் புலச்சமன்பாடுகள் தேவையில்லை. ஓர் எல்லையும் அதன்மேல் ஒரு குவாண்டம் புலமும் இருந்தால் போதும். என்னைக் கேட்டால், இந்தத் துறையில் கற்றுக்கொள்ள வேண்டிய முதல் விஷயம் இதுதான்.

வானத்தில் இதைச் சோதிக்க வழியில்லை. சூரிய நிறையுள்ள கருந்துளையின் ஹாக்கிங் வெப்பநிலை ஒரு கெல்வினில் கோடியில் ஒரு பங்குக்கும் குறைவு. சுற்றியிருக்கும் அண்டப் பின்னணிக் கதிர்வீச்சோ 2.7 கெல்வின். அதனால்தான் ஆட்கள் தொட்டிக்கு வந்தார்கள். நீங்கள் படித்தது பெரும்பாலும் 2011-இல் கனடாவின் வான்கூவரில் சில்கே வைன்ஃபுர்ட்னர், உன்ரூ முதலானோர் செய்த சோதனையாக இருக்கும். சுமார் 6 மீட்டர் நீளக் கால்வாயில் ஒரு மேடு வைத்து, ஓட்டத்துக்கு எதிராக நீண்ட அலைகளை அனுப்பினார்கள். அவை தடுக்கப்பட்டுக் குட்டை அலை ஜோடிகளாக மாறின. ஜோடியின் வீச்சு விகிதம் ஹாக்கிங் சூத்திரம் சொல்வதுபோல அதிர்வெண்ணோடு அடுக்குக்குறியாக (exponential) மாறியது. இது அனுப்பிய அலையால் தூண்டப்பட்ட உமிழ்வு, ஹாக்கிங் சொன்னதுபோலத் தானாக வெற்றிடத்திலிருந்து பிறந்தது அல்ல. தவிர, அந்த ஓட்டம் எங்குமே நீண்ட அலையின் வேகத்தை மிஞ்சவில்லை, ஆகவே முழுமையான எல்லை அங்கே இல்லை என்று பின்னால் வந்தவர்கள் காட்டினார்கள். கட்டுரைகளில் இந்த வரி மட்டும் காணாமல் போய்விடுகிறது. தானாகப் பிறக்கும் குவாண்டம் ஜோடிகளுக்கு இஸ்ரேலில் ஜெஃப் ஸ்டைன்ஹவர் மிகக்குளிர்ந்த ருபீடியம் அணுக்களில் 2016-இல் சான்று காட்டியதைப் படியுங்கள். அதுதான் கேள்விக்கு நெருக்கமான சோதனை.

இவை எதுவும் வானத்துக் கருந்துளை கதிர்வீசுகிறது என்பதற்கு நிரூபணம் ஆகாது. தண்ணீர் ஐன்ஸ்டைன் சமன்பாட்டுக்குக் கட்டுப்படுவதில்லை. எல்லையின் பரப்பளவுக்கும் என்ட்ரோபிக்கும் உள்ள உறவைப் பற்றி அது வாய் திறக்காது.

ப்ராஜெக்டுக்கு வாய்க்கால் வேண்டாம். நுரையில் ஒன்றும் அளக்க முடியாது, ஷட்டருக்குக் கீழே இறங்குவதும் ஆபத்து. குழாயடியில் ஒரு எவர்சில்வர் தட்டை மட்டமாக வையுங்கள். தண்ணீர் விழும் இடத்தைச் சுற்றி மெல்லிய வட்டம், அதன் விளிம்பில் ஒரு வரப்பு: அதே தாவல். வட்டத்துக்குள் ஓர் ஊசியின் முனையை வைத்தால் அதன் பின்னால் ஆப்பு வடிவில் அலை விரியும். ஆப்பின் அரைக்கோணத்தின் சைன் மதிப்பு, அலைவேகத்தை ஓட்டவேகத்தால் வகுத்தால் வருவது. ஊசியை வெளிநோக்கி நகர்த்த நகர்த்த ஆப்பு அகன்று, வரப்பை நெருங்கும்போது அரைக்கோணம் 90 பாகையை எட்ட வேண்டும். ழெர்மேன் ரூசோவும் உடன் ஆய்ந்தவர்களும் சிலிக்கோன் எண்ணெயில் இதைச் செய்து 2011-இல் வெளியிட்டார்கள்.

தண்ணீரில் செய்தால் பரப்பு இழுவிசை குறுக்கே வரும். மிகக் குட்டையான அலைகள் பரப்பு இழுவிசையால் ஓடுபவை. அவை நீண்ட அலைகளைவிட வேகமாகப் போய் எல்லையைக் கடந்துவிடலாம். அது போதாதென்று, குழாயடி வட்டத்தையே தீர்மானிப்பது ஈர்ப்பு அல்ல, பரப்பு இழுவிசைதான் என்று 2018-இல் கேம்பிரிட்ஜ் குழு ஒன்று வாதிட்டது. அதை மறுத்தும் எழுதினார்கள். உங்கள் ப்ராஜெக்டுக்கான நல்ல கேள்வி இங்கேதான் இருக்கிறது: சில சொட்டு சோப்பு நீரைக் கலந்தால் வட்டத்தின் ஆரமும் ஆப்பின் கோணமும் எப்படி மாறுகின்றன? செல்போன் கேமராவை நேர் மேலே பொருத்துங்கள், குழாய்க்குப் பதில் உயரத்தில் ஒரு வாளி வைத்துச் சீரான ஓட்டம் வரும்படி பாருங்கள். தலைப்பில் மட்டும் ‘கருந்துளை’ என்று போடாதீர்கள். நேர்முகத் தேர்வில் புறத்தேர்வாளர் அங்கேதான் பிடிப்பார்.