அட்ஜஸ்ட் ஆகவேண்டியது எது?

கேள்வி: தோல் கம்பெனியில் இருபத்திரண்டு வருஷமாக செலக்‌ஷன் பார்க்கிறேன். தோலைத் தடவிப் பார்த்து கிரேடு போடுகிற வேலை. இரண்டு மாதம் முன்பு கேமரா வைத்த மெஷின் ஒன்று வந்தது. தோலை விரித்தால் போதும், குறைகளை எல்லாம் குறித்து கிரேடும் அதுவே போட்டுவிடுகிறது. என்னை அதன் பக்கத்தில் நிற்கவைத்திருக்கிறார்கள். மேனேஜரிடம் கேட்டால், "காலத்துக்குத் தகுந்த மாதிரி அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க" என்கிறார். எனக்கு 49 வயது. இனி எப்படி மாறிக்கொள்வது?
— ஒரு வாசகர், மேல்விஷாரம்

பதில்: உங்கள் கேள்வியில் என்னைக் குத்தியது மெஷின் இல்லை, அந்த 'அட்ஜஸ்ட்'தான்.

வேலூரிலிருந்து ஆற்காடு போகிற பஸ்ஸில் தினமும் இந்த வார்த்தையைக் கேட்கிறோம். மூன்று பேர் உட்காரும் சீட்டில் நான்காவதாக ஒருவர் வந்து, "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க சார்" என்பார். சரி என்று எல்லோரும் நகர்வார்கள். ஆனால் ஓரத்தில் இருப்பவர் பாதி உடம்பை வெளியே விட்டு, கம்பியைப் பிடித்துக்கொண்டு, சத்துவாச்சாரி தாண்டி ரத்தினகிரி வருவதற்குள் கால் மரத்துப்போய் உட்கார்ந்திருப்பார். ஜன்னலோரத்து ஆள் அசைந்திருக்கவே மாட்டார். மருமகளிடம் சொல்வதும் இதே வார்த்தைதான், வாடகை ஏற்றும்போது குடித்தனக்காரரிடம் சொல்வதும் இதேதான். ஓரத்தில் இருப்பவரிடம் மட்டும் சொல்லப்படுகிற வார்த்தை இது.

ஆனால் உங்கள் கம்பெனிக்குள்ளேயே இந்த வார்த்தைக்கு வேறு அர்த்தம் உண்டே, கவனித்திருக்கிறீர்களா? ஷேவிங் மெஷினில் தோலின் கனம் சரியாக வரவில்லை என்றால் பிளேடை அட்ஜஸ்ட் செய்வார்கள். ஸ்ப்ரே மெஷினில் கலர் திட்டுத்திட்டாக விழுந்தால் துப்பாக்கியை அட்ஜஸ்ட் செய்வார்கள். ஸ்பேனரை எடுத்துக்கொண்டு யாரும் ஆளைத் திருகுவதில்லை, மெஷினைத்தான் திருகுவார்கள். புதிதாக வந்த கேமராவுக்கும் அதுதான் முறை.

நீங்கள் செய்கிற வேலையை ஒரு தடவை பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன், உங்கள் கம்பெனி இல்லை, வேறொன்றில். பெரியவர் ஒருவர் ஜன்னல் வெளிச்சத்தில் தோலை விரித்து ஒரு பார்வை பார்த்தார். உண்ணி கடித்த புள்ளி, முள் கீறல், சூடு போட்ட தழும்பு, உரிக்கும்போது கத்தி பட்ட இடம் எல்லாம் அந்தப் பார்வையிலேயே முடிந்துவிட்டது. அப்புறம் வயிற்றுப் பக்கம் வந்து, மேல்புறம் உள்ளே போகும்படி தோலை மடக்கி, கட்டைவிரலால் மெல்ல அழுத்தினார். பொடிப்பொடியாகச் சுருக்கம் விழுந்தால் நல்ல தோல். பெரிய பெரிய மடிப்பாக எழும்பினால் லூஸ். அதில் ஷூ தைத்தால் பத்து நாள் போடுவதற்குள் முன்பக்கம் கசங்கிவிடும் என்றார். அவர் ஒதுக்கிய தோலை வாங்கிப் பார்த்தேன், என் கண்ணுக்கு ஒரு குறையும் தெரியவில்லை. விரித்துப் போட்ட தோலை மேலிருந்து படம் பிடிக்கிற கேமராவுக்கு மட்டும் எப்படித் தெரியும்?

இன்னொன்று. எது உண்ணிக்கடி, எது வெறும் தூசி என்று அந்த மெஷின் தானாகக் கற்றுக்கொள்ளவில்லை. உங்களைப் போல ஒருவர் ஆயிரக்கணக்கான படங்களைப் பார்த்து, இது இன்ன குறை என்று அடையாளம் போட்டுக் கொடுத்த பிறகுதான் அது பேச ஆரம்பித்தது. அந்தப் படங்கள் எந்த ஊர்த் தோலோ, மாடா ஆடா, எந்தச் சந்தைக்கு எடுத்ததோ! இங்கே வருகிற சரக்கை அதற்குச் சொல்லிக்கொடுக்க உங்களை விட்டால் யார்? பக்கத்தில் நிற்கவைத்திருக்கிறார்கள் என்கிறீர்கள். வாத்தியார் நிற்கிற இடமும் அதுதான்.

இந்தத் தொழில் மாறுவது இது முதல் தடவையும் இல்லை. ஆவாரம்பட்டைத் தண்ணீரில் வாரக்கணக்கில் ஊறிய தோலை, டிரம்மில் குரோம் உப்போடு போட்டு ஒன்றிரண்டு நாளில் எடுக்கிற முறை வந்தது. 1973-ல் மத்திய அரசு பச்சைத்தோல் ஏற்றுமதிக்குத் தடை போட்டு, பாதி பதனிட்ட தோலுக்கும் கட்டுப்பாடு கொண்டுவந்த பிறகு ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி என்று எல்லா ஊரும் அந்தப் பக்கம் வேகமாகத் திரும்பியது. தொழிலாளிகள் கற்றுக்கொண்டார்கள். ஆனால் கழிவு நீருக்கு வழி செய்துவிட்டுத் தொழிலை மாற்றுவோம் என்று யாரும் நினைக்கவில்லை. பாலாற்றைத்தான் அட்ஜஸ்ட் செய்துகொள்ளச் சொன்னார்கள். இந்தப் பக்கத்தில் பாலாறு என்று எழுதினாலே கோபமாகக் கடிதம் போடுகிற வாசகர் ஒருவர் இருக்கிறார். போடட்டும், நான் எழுதாமல் இருக்கப்போவதில்லை. 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது, தோல் தொழில் நடக்கிற பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதாகவோ பாதியாகவோ பயிருக்கு லாயக்கில்லாமல் போனதைப் பதிவு செய்தது. ஒவ்வொரு தொழிற்சாலைக்கும் பத்தாயிரம் ரூபாய் அபராதம். ஆற்றோரத்துக் கிணறுகளில் உப்புக் கரித்தது அந்த அபராதத்தால் இனித்துவிடவில்லை. மெஷின் வாங்கும்போது கேட்கவேண்டியவர்களைக் கேட்காமல் வாங்கியதன் விலை இது.

அதற்காக மெஷினைத் தொடமாட்டேன் என்று மட்டும் உட்கார்ந்துவிடாதீர்கள். எங்கள் அச்சகத்தில் ஒரு கம்பாசிட்டர் இருந்தார். ஈய எழுத்தைத் தலைகீழாகப் பார்த்தே வேகமாகப் படிப்பார். கம்ப்யூட்டர் வந்தபோது ஒரு மாதம் அதன் பக்கமே வரவில்லை. ஒரு நாள் பிரிண்ட் எடுத்த பக்கத்தைக் கையில் வாங்கியவர் கத்திவிட்டார். ஒரு வரி 'பட்டணத்து' என்று முடிந்து, அடுத்த வரி 'க்கு' என்று தொடங்கியிருந்தது. "புள்ளி வைத்த எழுத்தில் வரி தொடங்கலாமாய்யா?" என்று கேட்டு, அன்றைக்கே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஆறு மாதத்தில் அந்த அறைக்கு அவர்தான் பெரியவர். டைப் அடிக்கும் பிள்ளைகள் அவரிடம் காட்டாமல் ஒரு பக்கத்தையும் அச்சுக்கு அனுப்பமாட்டார்கள். (இன்றைக்கும் செல்போனில் படிக்கிற செய்திகளில் வரிக்கு வரி இந்தத் தப்பைப் பார்க்கிறேன். வயிறு எரிகிறது.) அவர் விரல் புதிதாகக் கற்றுக்கொண்டது கீபோர்டை மட்டும்தான். கண் பழைய கண்தான், அதற்குத்தான் மரியாதை கிடைத்தது.

நீங்கள் ஒரு நோட்டு போடுங்கள். மெஷின் ஒரு கிரேடும் உங்கள் கை வேறு கிரேடும் சொல்கிற ஒவ்வொரு தோலுக்கும் தேதி, லாட் நம்பர், அது சொன்னது, நீங்கள் சொன்னது, விரலுக்கு என்ன தட்டுப்பட்டது என்று ஒரு வரி. மெஷின் சரியாகச் சொல்லி நீங்கள் தவறவிட்டிருந்தால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள், இல்லாவிட்டால் நோட்டுக்கு மதிப்பிருக்காது. மெஷினை இயக்கக் கற்றுத்தரச் சொல்லிக் கேளுங்கள், அதுவும் வேலை நேரத்தில், சம்பளத்தோடு. ஒரு மாதம் ஆனதும் நோட்டை ஜெராக்ஸ் எடுத்து மேனேஜரிடம் கொடுங்கள், ஒரிஜினலை வீட்டில் வையுங்கள். எத்தனை பக்கம் ஆனது, மேனேஜர் என்ன சொன்னார் என்று எனக்கும் ஒரு கடிதம் போடுங்கள், இதே பக்கத்தில் போடுகிறேன்.