பாரிஷ் பணம் யாருக்குப் போனது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

1830ல் தென் இங்கிலாந்தின் விவசாயக் கூலிகள் கதிரடிக்கும் இயந்திரங்களை உடைத்ததைப் பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தேன். பாரிஷ் உதவியை அதில் ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். ஊர்ப் பணத்தில் உதவி கொடுத்ததால்தான் கூலிகள் சோம்பேறிகள் ஆனார்கள், கூலியும் இறங்கியது, அதனால்தான் 1834ல் ஏழை உதவிச் சட்டத்தை மாற்றினார்கள் என்றுதான் கல்லூரியில் எங்களுக்குச் சொன்னார்கள். விவசாயக் குடும்பத்தில் பிறந்தவன் என்பதால் இந்த மாதிரிப் பேச்சை எங்கள் ஊரிலும் கேட்டு வளர்ந்திருக்கிறேன். அந்த உதவி அவர்களைக் கெடுத்ததா, காத்ததா?

ஒரு வாசகர், திருவாரூர்

அன்புள்ள நண்பருக்கு,

காத்தது. கொடுத்த முறையில் கொடுமை இருந்தது, அதையும் சொல்கிறேன்.

1601ம் ஆண்டுச் சட்டப்படி ஒவ்வொரு பாரிஷும், அதாவது ஒரு தேவாலயத்தைச் சேர்ந்த ஊர் வட்டாரமும், தன் ஏழைகளைத் தானே காப்பாற்ற வேண்டும். நிலமும் வீடும் அனுபவிப்பவர்களிடம் அதற்கு வரி வாங்கினார்கள். கல்லூரியில் உங்களுக்குச் சொன்னது 1795ல் வந்த ஏற்பாடு. பிரான்சோடு போர், விளைச்சலும் மோசம், ரொட்டி விலை கைக்கு எட்டவில்லை. அந்த மே மாதம் பெர்க்‌ஷயர் நீதிபதிகள் ஸ்பீன்ஹாம்லேண்ட் என்ற ஊரின் சத்திரத்தில் கூடி ஒரு கணக்குப் போட்டார்கள். ஏறத்தாழ 4 கிலோ எடையுள்ள ரொட்டி 1 ஷில்லிங் விற்றால், ஆணுக்கு வாரம் 3 ஷில்லிங், மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் தலைக்கு ஒன்றரை ஷில்லிங். கூலி அந்த அளவுக்கு வராவிட்டால் மீதியை பாரிஷ் கொடுக்கும். மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு 9 ஷில்லிங் ஆகிறது. 9 ரொட்டியின் விலை. வாடகை, விறகு, துணி, செருப்பு எல்லாம் அதற்குள். இதை வாங்கிக்கொண்டு ஒருவன் சுகமாகப் படுத்துக் கிடந்தான் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கூலியை முடிவு செய்தவர்கள் பெரிய குத்தகை விவசாயிகள். பாரிஷ் கூட்டத்தில் உட்கார்ந்து உதவித்தொகையை முடிவு செய்தவர்களும் பல ஊர்களில் அவர்களேதான். அறுவடைக்கு ஆளை வைத்துக்கொண்டு பனிக்காலத்தில் அனுப்பிவிடலாம், அதுவரை பாரிஷ் சோறு போடும். சில ஊர்களில் வேலையில்லாதவர்களை முறைபோட்டுப் பண்ணை பண்ணையாக அனுப்பினார்கள். கூலியில் ஒரு பங்கை பாரிஷே கொடுத்தது. அந்த வரியைக் கட்டியவர்களில் ஊர்க் கடைக்காரரும் இருந்தார், கூலியாள் வைக்காமல் குடும்பத்தோடு உழுத சிறு விவசாயியும் இருந்தார். அவர்கள் பணம் கூலிக்காரன் கை வழியாகப் பெரிய பண்ணைக்குப் போய்ச் சேர்ந்தது. கூலி இறங்கியதில் உதவிக்குப் பங்கு உண்டு என்றால் அது இந்த வழியில்தான். உழைப்பவனின் குணத்தில் அதைத் தேடக் கூடாது.

வறுமைக்குக் காரணம் அதற்கும் முன்னால் இருக்கிறது. ஊர்ப் பொது மேய்ச்சல் தரைகளை வேலியடைத்தார்கள். ஒரு பசுவை வைத்துப் பிழைத்தவளுக்குப் பசு போயிற்று. அறுத்த வயலில் கதிர் பொறுக்குவது சட்டப்படி உரிமையாகாது என்று 1788ல் நீதிமன்றமே சொல்லிவிட்டது. வயலில் கதிர் பொறுக்கிப் பிழைத்த பைபிள் பெண் ரூத்தின் கதையை ஞாயிறுதோறும் கேட்கக்கூடிய ஒரு நாட்டில்! ஓர் ஊரில் முழு வருஷம் ஒப்பந்தத்தில் வேலை செய்தால் அந்த ஊர் பாரிஷில் உரிமை கிடைக்கும் என்பதால், 51 வாரத்தோடு ஆளை நிறுத்தும் வழக்கமும் இருந்தது. வேறு ஊருக்குப் போய்க் கையேந்தினால் சொந்த ஊருக்குத் துரத்துவார்கள். கர்ப்பிணிகளைக்கூட, பிள்ளை இங்கே பிறந்தால் நம் தலையில் விழும் என்று எல்லை தாண்ட வைத்தார்கள். நான் சொன்ன கொடுமை இதுதான்.

பனிக்காலத்தில் மிச்சமிருந்த ஒரே பெரிய வேலை கதிரடிப்பு. அதையும் இயந்திரம் எடுத்துக்கொண்டபோது உடைத்தார்கள். அப்போது அவர்கள் கேட்டது என்ன? சஸெக்ஸில் பிரீட் என்ற ஊரில் பாரிஷ் மேற்பார்வையாளர் ஏழைகளை வண்டியிழுக்க வைத்திருந்தார். 1830 நவம்பரில் கூலிகள் அவரை அதே வண்டியில் ஏற்றி ஊர் எல்லைக்கு வெளியே கொண்டுபோய் விட்டார்கள். விவசாயிகளிடம் பேசி, நாளுக்கு 2 ஷில்லிங் 3 பென்ஸ், மார்ச் முதல் 2 ஷில்லிங் 6 பென்ஸ் என்று கூலியும் முடிவானது. உழைப்புக்கு விலை கேட்டவர்கள் இவர்கள். கலகம் அடங்கியபின் 19 பேரைத் தூக்கிலிட்டார்கள், ஏறத்தாழ 480 பேரைக் கப்பலேற்றி ஆஸ்திரேலியப் பக்கம் அனுப்பினார்கள்.

சோம்பேறிகள் என்ற தீர்ப்பு, ஏழை உதவியை ஆராய 1832ல் அமைத்த அரசு ஆணையத்திலிருந்து வந்தது. அது கேள்விப் பட்டியல் அனுப்பியது. பதில் எழுதியவர்கள் பாதிரியார்கள், நீதிபதிகள், மேற்பார்வையாளர்கள். கூலிக்காரரை யாரும் கேட்கவில்லை. 1960களில் மார்க் பிளாக் என்ற பொருளாதார அறிஞர் அந்தப் பதில்களையே திரும்ப ஆராய்ந்து, குறைந்த கூலியும் வேலையின்மையும் முதலில், உதவி பின்னால் என்று வாதிட்டார். எனக்கு அது சரியாகப் படுகிறது.

1834 சட்டம், உடல் வலு உள்ளவனுக்கு உதவி வேண்டுமென்றால் ஏழை விடுதிக்குள் வா என்றது. உள்ளே கணவன் ஒரு பக்கம், மனைவி ஒரு பக்கம், பிள்ளைகள் வேறு பக்கம். 1845ல் ஆண்டோவர் விடுதியில் உரத்துக்காக எலும்பு இடிக்கவிட்டவர்கள், அதில் ஒட்டியிருந்த சதைக்கும் மஜ்ஜைக்கும் அடித்துக்கொண்டது வெளியே வந்தது.

அந்தச் சிந்தனை நம் பக்கமும் வந்தது. 1877 பஞ்சத்தில் சென்னை மாகாணத்து நிவாரண வேலைக்கு இந்திய அரசு அனுப்பிய அதிகாரி ரிச்சர்ட் டெம்பிள், நாளுக்கு ஒரு ராத்தல் தானியத்துக்கான காசும் அதற்கு மேல் கொஞ்சம் சில்லறையும் கூலியாகப் போதும் என்றார். மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் இதில் ஆள் பிழைக்க மாட்டான் என்று எதிர்த்து எழுதினார். 1880ல் பஞ்ச ஆணையம், பஞ்ச காலத்தில் உதவி கேட்பது ஏழையின் உரிமை என்று ஒப்புக்கொண்டால் எல்லாக் காலத்திலும் அதை உரிமை என்பார்கள் என்று கவலைப்பட்டது.