துணை அதிபர் வேட்பாளர் எப்படி அமைகிறார்? டல்லாஸ் தம்பிக்கு ஒரு பதில்

டல்லாஸுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "2028-இல் யார் யாருக்கு ஜோடி என்று ஆபீஸில் இப்போதே பேசுகிறார்கள். துணை அதிபர் வேட்பாளருக்குத் தனித் தேர்தல் உண்டா? நம் விசாவுக்கு யார் வந்தால் நல்லது? பிரச்சாரத்தில் நாமும் ஏதாவது செய்யலாமா?"

கடைசிக் கேள்விக்கு முதலில் வருகிறேன், ஆபத்து அதில்தான். ஹெச்-1பி (வேலை), எஃப்-1 (மாணவர்) விசாவில் இருப்பவர் எந்த வேட்பாளருக்கும் ஒரு டாலர்கூட நன்கொடை தரக்கூடாது. கிரீன் கார்டு வந்தபின் தரலாம். பிரச்சாரக் குழுவின் கடையில் தொப்பி, டி-ஷர்ட் வாங்கினால் அதுவும் நன்கொடைக் கணக்கில்தான் சேரும். சம்பளம் வாங்காமல் தொண்டு செய்யத் தடையில்லை. டிரைவிங் லைசென்ஸ் படிவத்தில் "வாக்காளராகப் பதிய விருப்பமா" என்ற கட்டத்தைக் கவனமாகப் படியுங்கள். தெரியாமல் டிக் அடித்தால், பிற்பாடு கிரீன் கார்டு, குடியுரிமை மனுக்களில் அது வந்து நிற்கும். வாக்கே போட்டுவிட்டால் நாடு கடத்தல்வரை போகலாம். "பத்து டாலர்தானே, யார் பார்க்கப் போறா" என்று சொல்லும் அங்கிள்கள் எல்லா ஊர்ச் சங்கத்திலும் உண்டு. அவர்கள் கையில் அமெரிக்க பாஸ்போர்ட் இருக்கிறது, உங்கள் கையில் இல்லை.

இனி ஜோடி விஷயம். தனித் தேர்தல் கிடையாது. பிரைமரியில், அதாவது கட்சி வேட்பாளருக்கான முதல்கட்டத் தேர்தலில், மக்கள் தேர்வது அதிபர் வேட்பாளரை மட்டும். துணையை அவரே முடிவு செய்வார், கட்சி மாநாடு கைதட்டி ஏற்கும். முன்பெல்லாம் கட்சிப் பெருந்தலைகள் சேர்த்துவைக்கும் ஜோடிதான். 1940-இல் ரூஸ்வெல்ட், ஹென்றி வாலஸ்தான் வேண்டும் என்று பிடிவாதமாக நின்று அதை மாற்றினார். 1956-இல் ஜனநாயகக் கட்சி வேட்பாளர் ஸ்டீவன்சன் முடிவை மாநாட்டிடமே விட்டார். அங்கே கென்னடியை முந்தி கீஃபாவர் வந்தார். அதன்பிறகு பெரிய கட்சிகளில் யாரும் அந்த விஷப்பரீட்சையில் இறங்கவில்லை.

நடைமுறை இப்படி: வேட்பாளர் தானே என்பது உறுதியானதும், நம்பகமான ஒருவர் தலைமையில் வக்கீல்கள் குழு உட்காரும். முதலில் நீளமான பட்டியல், பொதுவெளியில் கிடைக்கும் தகவலை வைத்தே அலசல். அது சுருங்கி நாலைந்து பேர் ஆனதும் கேள்வித்தாள் போகும். பல வருட வரிக் கணக்கு, மருத்துவ விவரம், கடன், வழக்கு, பழைய பேச்சு, மனைவி அல்லது கணவரின் தொழில், பிள்ளைகளின் சோஷியல் மீடியா வரை எல்லாம் கேட்பார்கள். கடைசியில் நேர்காணல்.

இவ்வளவு குடைவதற்குக் காரணம் 1972. அந்த வருடம் ஜனநாயகக் கட்சி அதிபர் வேட்பாளரான மெக்கவர்னின் அணி மாநாட்டில் கடைசி நாள் பிற்பகல்வரை துணை கிடைக்காமல் திண்டாடியது. எட்வர்ட் கென்னடி உட்படப் பலர் மறுத்துவிட்டார்கள். மிசூரி செனட்டர் ஈகிள்டனிடம் போனில், மறைக்கும்படி ஏதாவது உண்டா என்று கேட்டார்கள். இல்லை என்றார். அவர் மன அழுத்தத்துக்காக 1960, 1964, 1966-இல் மருத்துவமனையில் இருந்ததும், மின் அதிர்ச்சிச் சிகிச்சை எடுத்ததும் பின்னால் வெளியே வந்தன. 18 நாளில் விலகினார். சிகிச்சையைவிட, வேட்பாளருக்கே தெரியாமல் போனதுதான் அடித்தது என்பேன். நவம்பரில் மெக்கவர்ன் 49 மாநிலங்களை இழந்தார். 1976-இல் கார்ட்டர் பாடம் படித்து, ஆட்களைத் தன் ஊரான பிளெயின்ஸுக்கே வரவழைத்து நிதானமாகப் பேசி மாண்டேலைத் தேர்ந்தார். 2008-இல் குடியரசுக் கட்சி வேட்பாளர் மெக்கெயின் அணியில் மறுபடி அவசரம். சாரா பேலினைச் சில நாட்களிலேயே ஆராய்ந்து ஆகஸ்ட் 29-இல் அறிவித்தார்கள். டிவி பேட்டிகளில் அவர் தடுமாறியபோது யாருக்கு அடி விழுந்தது? மெக்கெயினுக்கு.

வெளியே தெரியாத சின்னச் சிக்கல்களும் உண்டு. செனட்டரை எடுத்தால் காலியாகும் இடத்துக்குப் பல மாநிலங்களில் கவர்னர்தான் ஆளை நியமிப்பார். கவர்னர் எதிர்க்கட்சியாக இருந்தால் அந்தப் பெயரைத் தொடவே யோசிப்பார்கள். இன்னொன்று: அதிபரையும் துணை அதிபரையும் முறைப்படி தேர்ந்தெடுக்க மாநிலம்தோறும் தேர்வர்கள் உண்டு; ஒரு மாநிலத்தின் தேர்வர்கள் தங்கள் மாநிலத்துக்காரர் இருவருக்கும் சேர்த்து வாக்களிக்க முடியாது. 2000-இல் அதிபர் வேட்பாளர் புஷ், துணை வேட்பாளர் செய்னி இருவரும் டெக்ஸாஸ்வாசிகள். உங்கள் மாநிலத்துக்கு அப்போது 32 தேர்வர் வாக்கு; வெல்ல 270 வேண்டும், புஷ்ஷுக்குக் கிடைத்ததோ மொத்தம் 271. செய்னி முன்கூட்டியே வாக்காளர் பதிவை வயோமிங்குக்கு மாற்றியிருந்ததால் தப்பினார்கள். துணையைத் தேடும் பொறுப்பை ஏற்றவரே இந்தச் செய்னி என்பது தனி வேடிக்கை.

"சொந்த மாநிலத்தை வென்று தருவார்" என்பதை அதிகம் நம்பாதீர்கள். 1960-இல் கென்னடியின் துணையான ஜான்சன் டெக்ஸாஸை வென்று தந்தார் என்று எல்லாரும் உதாரணம் காட்டுவார்கள். துணை வேட்பாளர்களான எட்வர்ட்ஸின் வட கரோலினா 2004-இலும், பால் ரயனின் விஸ்கான்சின் 2012-இலும் கைவிட்டதை யாரும் சொல்வதில்லை.

விசா கேள்விக்கு நீளமான பதில் தேவையில்லை. 2020-இல் கமலா ஹாரிஸைத் துணை வேட்பாளராக அறிவித்ததும், அவர் தாத்தாவின் ஊரான துளசேந்திரபுரத்தில் போஸ்டர் ஒட்டினார்கள், இங்கே நம்மவர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் கிரீன் கார்டு வரிசையே கரைந்துவிட்டதாகக் கொண்டாடினார்கள். 2024-இல் துணை வேட்பாளர் வான்ஸின் மனைவி உஷா தெலுங்குக் குடும்பம் என்றதும் அதே கூத்து வேறு மொழியில். துணை அதிபரின் நிரந்தர வேலை செனட்டில் சமநிலை வந்தால் வாக்களிப்பது. ஹாரிஸ் 33 முறை அதைச் செய்தார். வரிசையை மாற்றுவது காங்கிரஸ் போடும் சட்டம். கிரீன் கார்டு வரிசை எதுவரை நகர்ந்திருக்கிறது என்று மாதாமாதம் அரசு வெளியிடும் விசா புல்லட்டினைப் பாருங்கள், வக்கீலிடம் கேளுங்கள்.