வளர்ப்புப் பாம்பு சீறினால்: வாசகர் கேள்வி-பதில்

இம்முறை தென்னாப்பிரிக்க வாசகர்களிடமிருந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவற்றின் சாரம் ஒன்றுதான்: "எங்கள் பாம்பு ரொம்பக் கோபக்காரப் பாம்பு." பாம்பு சீறுவதற்குப் பின்னால் பயமோ, வலியோ, சாப்பாடு என்ற தவறான கணிப்போதான் இருக்கும். மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு. கீழே சொல்வதெல்லாம் கார்ன் ஸ்னேக், கிங் ஸ்னேக், பந்து மலைப்பாம்பு, பிரவுன் ஹவுஸ் ஸ்னேக் போன்ற நஞ்சில்லாத வளர்ப்பு இனங்களுக்கு மட்டுமே பொருந்தும்.

கார்ன் ஸ்னேக் குட்டி வாங்கி ஒரு வாரம் ஆகிறது. மூடியைத் திறந்தாலே கழுத்தை வளைத்து, வாலைப் படபடவென்று ஆட்டிக் கொத்த வருகிறது. பழகட்டும் என்று தினமும் கையில் எடுக்கிறேன். பலனில்லை. (சாட்ஸ்வர்த்)

தினமும் எடுப்பதை இன்றே நிறுத்துங்கள். முப்பது சென்டிமீட்டர் நீளக் குட்டிக்கு மேலிருந்து இறங்கும் எதுவும் பருந்துதான். அது பழகுவதற்கு முன்னால் நீங்கள் அதன் பயத்தைத் தினமும் புதுப்பிக்கிறீர்கள்.

முதலில் பெட்டியைப் பாருங்கள். சூடான பக்கம் ஒன்று, குளிர்ந்த பக்கம் ஒன்று என இரண்டு மறைவிடங்கள் வேண்டும். நுழைந்தால் உடம்பு சுவரில் உரசும் அளவுக்கு அவை குறுகலாக இருக்கட்டும். விசாலமான குகை குட்டிக்குப் பாதுகாப்பாகத் தெரியாது. நாலு பக்கமும் கண்ணாடி என்றால் மூன்று பக்கத்தைக் கறுப்புத் தாளால் மூடுங்கள். சூடான பக்கத் தரை 29–31 பாகை செல்சியஸ், மறுபக்கம் 22–25. ஜனவரிக் கோடையில் டர்பனில் அறையே 30 பாகை இருக்கும்போது குளிர்ந்த பக்கம் என்று ஒன்றே இருக்காது. அப்போது பெட்டிக்கு அடியில் சூடு தரும் ஹீட் பேடை அணைத்து, பெட்டியை வீட்டின் குளிர்ச்சியான அறைக்கு மாற்றுங்கள். சூட்டிலிருந்து தப்ப வழியில்லாத பாம்பு நிலைகொள்ளாமல் அலையும். அந்த நேரத்தில் கை போனால் கொத்தும்.

பிறகு இரண்டு வாரம் தண்ணீர் மாற்றுவது, அசுத்தம் எடுப்பது தவிர எதுவும் வேண்டாம். இரண்டு, மூன்று முறை தவறாமல் சாப்பிட்ட பிறகு ஆரம்பியுங்கள். இரை கொடுத்து 48 மணி நேரத்துக்குள் தொடக்கூடாது, கக்கிவிடும். கக்கினால் அடுத்த இரைக்குப் பத்து நாளாவது இடைவெளி விடுங்கள்.

எடுக்கும் முறை இது. வாசனையில்லாத சோப்பால் கை கழுவுங்கள். மறைவிடத்தைத் தூக்கிவிட்டு, டிஷ்யூ ரோலின் அட்டைக் குழாயாலோ சிறு கொக்கியாலோ உடம்பின் நடுப்பகுதியை இரண்டு முறை மெதுவாக வருடிவிட்டுப் பத்து விநாடி காத்திருங்கள். வந்திருப்பது இரை அல்ல, கைதான் என்று அதற்குப் புரிய இது போதும். பிறகு பக்கவாட்டிலிருந்து, தலையைத் தாண்டாமல், நடு உடம்புக்கு அடியில் விரல்களைச் செலுத்தித் தூக்குங்கள். இன்னொரு கை பின்பாகத்தைத் தாங்கட்டும். கழுத்தைப் பிடிக்க வேண்டாம். கழுத்தைப் பிடிப்பது இரை தேடும் விலங்கு மட்டுமே. வாலைப் பிடித்துத் தொங்கவிடவும் வேண்டாம். ஒரு கையிலிருந்து மறு கைக்கு அதுவாக ஊர்ந்து போக விடுங்கள். எப்படியும் கொத்தும் என்று தோன்றினால் சிறு கைத்துண்டை மேலே போட்டுத் துண்டோடு அள்ளுங்கள். இருட்டில் அது பாதி அடங்கிவிடும்.

முதல் வாரம் ஐந்து நிமிடம், வாரத்துக்கு இரண்டு முறை. பிறகு பத்து, பதினைந்து நிமிடம். அதற்கு மேல் குட்டிக்குத் தேவையில்லை. திருப்பி விடும் நேரம்தான் பலர் கோட்டை விடும் இடம்: கொத்தியவுடன் "சரி போ" என்று பெட்டிக்குள் போட்டால், கொத்தினால் கை விலகிப் போய்விடும் என்பதுதான் அதற்குப் பாடம். கையை அசைக்காமல் வைத்திருந்து, அது ஒரு நிமிடமாவது நிதானமாக ஊர்ந்த பிறகு இறக்கிவிடுங்கள். குட்டியின் பல் ஊசி நுனி அளவுதான். துள்ளிக் கையை இழுப்பதுதான் இருவருக்கும் காயம் தரும்.

மாற்றம் தெரியச் சில மாதங்கள் ஆகலாம். கார்ன் ஸ்னேக் வளர வளரச் சாதுவாகும் இனம். அவசரப்படுத்தாவிட்டால் பெரும்பாலும் தானாகவே அடங்கும்.

கையுறை போட்டுக்கொள்ளலாமா? (டோங்காட்)

மெல்லிய தோல் கையுறை போடலாம், உங்கள் நடுக்கம் போகும்வரை. வெல்டிங் கையுறை வேண்டாம். எவ்வளவு அழுத்திப் பிடிக்கிறோம் என்றே தெரியாது. பாம்பின் பல்லும் அதில் மாட்டி உடையும்.

மூன்று வருடமாகச் சாதுவாக இருந்த பந்து மலைப்பாம்பு பத்து நாளாகச் சீறுகிறது. எதுவும் மாற்றவில்லை. (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

பழகிய பாம்பு திடீரென்று மாறினால் முதலில் உடம்பைச் சோதியுங்கள், பிறகு குணத்தைப் பேசலாம்.

கண் பால் படிந்தது போல வெளுத்து, அடிவயிறு இளஞ்சிவப்பாகத் தெரிந்தால் சட்டை உரிக்கப் போகிறது. பார்வை மங்கியிருப்பதால் எல்லாவற்றுக்கும் பயப்படும். கண் மறுபடி தெளிந்த சில நாட்களில் உரிக்கும். அதுவரை தொடாமல், ஈரமான பாசி போட்ட ஒரு டப்பாவை மறைவிடமாக வையுங்கள். உரித்த சட்டையில் இரண்டு கண்மூடிகளும் (கண்ணை மூடியிருக்கும் தெளிவான செதில்கள்) இருக்கின்றனவா என்று பாருங்கள். கண்ணிலேயே ஒட்டியிருந்தால் கிடுக்கியால் பிடுங்க வேண்டாம், ஈரப்பதத்தைக் கூட்டி அடுத்த உரிப்புவரை காத்திருங்கள். அப்போதும் போகாவிட்டால் மருத்துவர்தான்.

கண் தெளிவாக இருந்தால், ஈரமான வெள்ளைத் துணியை உடம்பு முழுக்க ஒரு முறை ஓட்டுங்கள். ஒரு மில்லிமீட்டருக்கும் சிறிய கறுப்புப் புள்ளிகள் ஒட்டி நகர்ந்தால் அவை பாம்புச் சிற்றுண்ணிகள். தாடைக்கு அடியிலும் கண்ணோரத்திலும் கூடும். பாம்பு மணிக்கணக்கில் தண்ணீர்க் கிண்ணத்திலேயே கிடப்பதும் இதன் அடையாளம். வீட்டில் இருக்கும் கரப்பான் பூச்சி ஸ்பிரேயையோ நாய்க்கான உண்ணிப் பவுடரையோ அடித்தால் உண்ணியோடு பாம்பும் போய்விடும். பெட்டியைக் காலி செய்து, வெந்நீரில் கழுவி, காகிதத்தை மட்டும் விரித்து வைத்து, ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் மருந்து வாங்குங்கள்.

அடுத்தது வயிற்றுச் செதில். பழுப்பாகவோ சிவந்தோ, கொப்புளமாகவோ இருந்தால் சூட்டுக் காயம். தெர்மோஸ்டாட் என்ற சூட்டுக் கட்டுப்படுத்தி இல்லாத ஹீட் பேட் 45 பாகையைத் தாண்டிப் போகக்கூடும், பாம்போ சூடு தாங்காமல் நகர்ந்துவிடும் என்று நம்ப முடியாது. தெர்மோஸ்டாட் இருந்தும் இது நடந்தால் அதன் உணரி இடம் மாறியிருக்கும். அதை ஹீட் பேடுக்கும் பெட்டியின் தரைக்கும் இடையில் ஒட்டி, 32 பாகையில் வையுங்கள். வாயைத் திறந்து மூச்சு விடுவது, மூக்கில் குமிழி, விசில் போன்ற ஒலி என்றால் சுவாசத் தொற்று. அதைப் பழக்கப்படுத்த முயல வேண்டாம், மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

எதுவுமே இல்லை, இரையும் வேண்டாம் என்கிறது, வளர்ந்த ஆண் பாம்பு என்றால் இனப்பெருக்கக் காலமாக இருக்கலாம். எடை குறையாதவரை விட்டுவிடலாம்.

பாட்டி, "பால் வை, அடங்கிவிடும்" என்கிறார். வைக்கலாமா? (ஃபீனிக்ஸ்)

புற்றுக்குப் பால் ஊற்றுவது பாட்டியின் வழிபாடு, அது அப்படியே இருக்கட்டும். பெட்டியில் இருப்பதற்குத் தண்ணீர் மட்டும். தாகத்தில் பாலைக் குடித்தாலும் பாம்பின் குடலுக்கு அது ஒத்துவராது. பாட்டியிடம் வாதாட வேண்டாம், தண்ணீர்க் கிண்ணத்தைப் பெரிதாக வையுங்கள்.

எங்கள் பந்து மலைப்பாம்பு கையைக் கவ்வி, சுற்றியும் கொண்டது. இழுத்ததில் கிழிந்து ரத்தம். மறுபடி நடந்தால் என்ன செய்வது? (மெரெபாங்க்)

பயத்தில் கொத்தும் பாம்பு தொட்டுவிட்டுப் பின்வாங்கும். கவ்விச் சுற்றுவது இரை என்று நினைத்த பாம்பு. எலியைக் கையாண்ட வாசனை, அல்லது கோழி வெட்டிய கை, அல்லது வழக்கமாக இரை வரும் நேரத்தில் பெட்டி திறந்தது, இவற்றில் ஒன்று நடந்திருக்கும்.

பல் உள்நோக்கி வளைந்தது. இழுத்தால் தோல்தான் கிழியும், பாம்பின் பல்லும் உடையும். கையையும் பாம்பையும் மேசையில் தாங்கி வைத்து, வால் முனையிலிருந்து ஒவ்வொரு சுற்றாக அவிழுங்கள். தலை விடவில்லை என்றால் குழாயின் குளிர்ந்த தண்ணீரைத் தலை மேல் விடுங்கள். அதற்கும் அசையாவிட்டால் வாயோரத்தில் ஹேண்ட் சானிடைசர் இரண்டு சொட்டு. விடத் தொடங்கியதும் தலையை முதலில் முன்னோக்கித் தள்ளி, பிறகு மேலே தூக்கிப் பல்லைக் கழற்றுங்கள். சோப்பும் ஓடும் தண்ணீரும் ஐந்து நிமிடம். ரத்தம் பார்க்கப் பயங்கரமாக இருக்கும், காயம் அவ்வளவு இருக்காது. டெட்டனஸ் ஊசி போட்டு ஐந்து வருடம் தாண்டியிருந்தால் போட்டுக்கொள்ளுங்கள். மூட்டின் மேல் கடித்திருந்தாலோ, மறுநாள் சிவந்து வீங்கினாலோ டாக்டரைப் பாருங்கள்.

இனி உறைந்த எலியை முழுவதும் கரைத்து, முப்பது சென்டிமீட்டர் இடுக்கியால் மட்டும் கொடுங்கள். மேலே சொன்ன கொக்கி வருடலை எடுக்கும் ஒவ்வொரு முறையும் செய்யுங்கள், இரை கொடுக்கும் நாளில் மட்டும் செய்யாதீர்கள். வித்தியாசம் அதற்கு விளங்கிவிடும். வேறு டப்பாவுக்கு மாற்றி இரை ஊட்டினால் கடிக்காது என்று சொல்வார்கள். இரை வெறியில் இருக்கும் பாம்பைச் சாப்பிட்ட கையோடு தூக்கித் திரும்ப விட வேண்டியிருக்குமே, அதை யாரும் யோசிப்பதில்லை.

குளிர்காலக் காலையில் எங்கள் கிங் ஸ்னேக் மிகவும் அமைதியாக இருக்கிறது. அந்த நேரத்தில் எடுத்துப் பழக்கலாமா? (லெனேசியா)

அது அமைதி இல்லை, விறைப்பு. ஜூலை இரவில் ஜோகன்னஸ்பர்க் 5 பாகைக்குக் கீழே இறங்கும்போது மின்சாரமும் போனால் பெட்டி குளிர்ந்துவிடும். தசை வேலை செய்யாத பாம்பு எதையும் கற்றுக்கொள்ளாது. பந்து மலைப்பாம்பு உருண்டையாகச் சுருண்டு தலையை மறைப்பதையும் பலர் சாது என்று எடுத்துக்கொள்கிறார்கள். அதுவும் கொத்துவதற்குச் சமமான பயம்தான், சத்தம் மட்டும் இல்லை. மாலையில், பெட்டி சரியான சூட்டுக்கு வந்த பிறகு எடுங்கள். மின்தடைக்குப் பெட்டியைக் கம்பளியால் போர்த்தி, துணி சுற்றிய வெந்நீர்ப் புட்டியை வெளிப்பக்கம் சாய்த்து வையுங்கள். அன்று இரை வேண்டாம்.

மழைக்குப் பிறகு தோட்டத்தில் ஒரு கறுத்த சின்னப் பாம்பு கிடைத்தது. தம்பி ஐஸ்கிரீம் டப்பாவில் வைத்திருக்கிறான். கொத்தவில்லை, தலையை மட்டும் கீழே குத்திக் கழுத்தை வளைக்கிறது. எப்படிப் பழக்குவது? (வெருலம்)

டப்பாவைத் திறக்காதீர்கள். நீங்கள் சொல்லும் அடையாளம் ஸ்டிலெட்டோ பாம்புக்கு அப்படியே பொருந்துகிறது. குவாசுலு-நடால் மாகாணத்தில் மழை பெய்த வெப்பமான இரவுகளில் மண்ணுக்கடியிலிருந்து வரும். பளபளப்பான கரும்பழுப்பு, மழுங்கிய தலை, கடுகு போன்ற கண், வால் நுனியில் முள். இதன் நச்சுப்பல் வாயை மூடியிருக்கும்போதே பக்கவாட்டில் வெளியே நீளும். எனவே தலைக்குப் பின்னால் பிடித்தாலும் குத்தும். பாதுகாப்பாகக் கையில் பிடிக்கும் முறை என்று ஒன்று இதற்கு இல்லவே இல்லை. கடித்தால் கடும் வலி, வீக்கம், சதை அழுகல். விரலை வெட்ட நேர்ந்தவர்கள் உண்டு. தென்னாப்பிரிக்காவின் பொதுப் பாம்பு நச்சுமுறி மருந்து இதற்கு வேலை செய்யாது.

மூடியை ஒட்டி, நிழலில் வைத்து, உங்கள் பகுதியில் பாம்பு பிடிப்பவரைக் கூப்பிடுங்கள். யாரையாவது கடித்திருந்தால் கட்டுப் போடாமல், கீறாமல், உறிஞ்சாமல் நேரே மருத்துவமனைக்குப் போங்கள்.

பிரவுன் ஹவுஸ் ஸ்னேக் என்று நினைத்துக் குட்டி மொசாம்பிக் துப்பும் நாகத்தை எடுப்பதும் நம் பக்கத்தில் நடக்கும் தவறு. ஹவுஸ் ஸ்னேக்கின் மூக்கிலிருந்து கண் வழியாக வெளிர்நிறக் கோடுகள் இருக்கும். நாகத்தின் தொண்டையில் கறுப்புப் பட்டைகள். ஆனால் தொண்டையைப் பார்க்கும் தூரத்துக்கு யாரும் போகவே கூடாது, அது கண்ணைக் குறிவைத்துத் துப்பும். நஞ்சு கண்ணில் பட்டால் தேய்க்காமல் பதினைந்து, இருபது நிமிடம் தண்ணீர் ஓடவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும். உள்ளூர் இனம் நஞ்சில்லாததாக இருந்தாலும் காட்டிலிருந்து பிடித்து வளர்க்க அனுமதிச் சீட்டு வேண்டும். இந்த மாகாணத்தில் அதைத் தருவது எசெம்வேலோ என்ற வனவிலங்குத் துறை அமைப்பு. தம்பிக்குப் பாம்பு ஆசை என்றால் பெட்டியில் பிறந்த கார்ன் ஸ்னேக் ஒன்று வாங்கிக் கொடுங்கள்.

நான்கு வயது மகள் தொட ஆசைப்படுகிறாள். (டர்பன்)

ஐந்து வயதுக்குள் வேண்டாம். ஆரோக்கியமான பாம்பின் தோலிலும் சால்மொனெல்லா என்ற வயிற்றுக் கிருமி இருக்கலாம், அந்த வயதுக் குழந்தை கையை வாயில் வைக்கும். பெட்டிக்கு வெளியே நின்று பார்க்கட்டும், தண்ணீர்க் கிண்ணத்தைச் சமையலறைத் தொட்டியில் கழுவாதீர்கள். அவள் வளர்ந்த பிறகு நீங்கள் பாம்பைத் தாங்க, அவள் இரண்டு விரலால் நடு உடம்பை மட்டும், தலையிலிருந்து வால் பக்கமாகத் தடவலாம். உடனே சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும்.