பெட்டிகளோடு நேப்பிள்ஸ் துறைமுகம்: எந்த இத்தாலியச் சொற்கள் போதும்?

கேள்வி: நானும் மனைவியும் நேப்பிள்ஸிலிருந்து இஸ்கியா தீவுக்குப் போகிறோம். கையில் இரண்டு பெரிய பெட்டிகள். இத்தாலிய மொழி தெரியாது. துறைமுகத்தில் சமாளிக்க எதைக் கற்றுக்கொள்வது?

பதில்: முதலில் இரண்டு சொற்கள். 'த்ராகெத்தோ' என்றால் வண்டிகளும் ஏறும் பெரிய கப்பல். 'அலிஸ்காஃபோ' என்றால் விரைவுப் படகு. நேப்பிள்ஸில் இவை புறப்படும் இடங்களே வேறு. விரைவுப் படகு மோலோ பெவரெல்லோவிலிருந்து கிளம்பும். பெரிய கப்பல் கலாத்தா போர்த்தா தி மாஸ்ஸாவிலிருந்து. நடக்கிற தூரம்தான், ஆனால் பெட்டியை இழுத்துக்கொண்டு தவறான பக்கம் போய்விட்டால் கப்பல் போய்விடும். அதனால் டாக்சியில் ஏறும்போதே கேளுங்கள்: "த்ராகெத்தோ பெர் இஸ்கியா, குவாலே மோலோ?" இஸ்கியா கப்பல் எந்தத் துறையில் என்று அர்த்தம்.

உச்சரிப்பில் நமக்கு ஒரு வசதி உண்டு. கனி, கன்னி என்று ஒற்றை அழுத்திப் பொருளை மாற்றுகிறோம் அல்லவா? அவர்களுக்கும் அப்படித்தான். 'நோனோ' ஒன்பதாவது, 'நோன்னோ' தாத்தா. 'த்ராகெத்தோ'வில் 'த்தோ'வை நன்றாக அழுத்துங்கள். கெ-யை மட்டும் 'காந்தி'யின் க போலச் சொல்லுங்கள்.

பெட்டிக்கு 'வலீஜா', பன்மையில் 'வலீஜே'. விரைவுப் படகில் பெரிய பெட்டிக்குத் தனிக் கட்டணம் கேட்பது வழக்கம். டிக்கெட் வாங்கும்போதே "லா வலீஜா சீ பாகா ஆ பார்த்தே?" என்று கேட்டுவிடுங்கள். ஊர் சுற்றும்வரை பெட்டியை எங்கே விடலாம் என்பதற்கு, "தோவே போஸ்ஸோ லஷ்ஷாரே லே வலீஜே?" (முதல் எழுத்து 'தயவு'வின் த போல.)

கூட்டத்தில் வழிவிடச் சொல்ல 'பெர்மெஸ்ஸோ'. கைகொடுக்கச் சொல்ல, "மீ புவோ தாரே ஊனா மானோ?" பெட்டியைத் தூக்க ஆள் தேடும்போது இதைவிட உதவும் வாக்கியம் எனக்குத் தெரியாது. தாரே-யிலும் அதே 'தயவு' த. மாலுமிகளிடமே கேட்கலாம், தயங்க வேண்டாம்.

அறிவிப்பில் 'மாரே மோஸ்ஸோ' என்று கேட்டால் கடல் கொந்தளிப்பு. 'சொப்ரெஸ்ஸா' என்றால் அந்தப் பயணம் ரத்து. இதில் முதலில் நிற்பது விரைவுப் படகுதான்.

சரி, உங்களுக்கு எது? இரண்டு பெரிய பெட்டி என்றால் நான் த்ராகெத்தோவையே சொல்வேன். ஒரு மணி நேரத்துக்குப் பதில் ஒன்றரை மணி நேரம் ஆகும். ஆனால் வண்டிகள் நிற்கும் தளத்தின் வழியே சமமாக உருட்டிக்கொண்டே ஏறிவிடலாம்.