பாட்டிக்கு ஃபேன்ஸ், பேரனுக்கு பாஸ்வேர்ட்

கேள்வி: என் மாமியாருக்கு 71 வயது. அவர் அம்மியில் மசாலா அரைத்து மீன்குழம்பு வைப்பதை எல்லாம் என் மகன் படமெடுத்து யூடியூபில் போடுகிறான். நல்ல கூட்டம் சேர்ந்துவிட்டது. இப்போது வாரத்துக்கு மூன்று வீடியோ வேண்டும் என்று அவரைப் படுத்தி எடுக்கிறான், முழங்கால் வலி என்றாலும் விடுவதில்லை. அவருக்கும் உள்ளூர சந்தோஷம்தான். தடுப்பதா, விடுவதா?
- பெயர் வேண்டாம், தஞ்சாவூர்

பதில்: தடுக்க வேண்டாம். எழுபது வயசுக்கு மேல் புதிதாக ஒரு சந்தோஷம் கிடைப்பது லேசுப்பட்ட விஷயமா? ஆனால் பையனைப் பிடித்து உட்கார வைத்துக் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது.

அவன் வில்லேஜ் குக்கிங் சேனல் பார்க்காமல் இருக்க மாட்டான். புதுக்கோட்டை மாவட்டம் சின்னவீரமங்கலத்தில் 2018-ல் பெரியதம்பி தாத்தாவின் பேரன்கள் ஆரம்பித்து, 2021-ல் ஒரு கோடி சந்தாதாரர்களைத் தொட்டார்கள், தமிழில் அந்த எண்ணிக்கையை முதலில் எட்டியது அவர்கள்தான். அதில் அந்தத் தாத்தா என்னென்ன வேலை செய்கிறார் என்று ஒருமுறை கவனித்துப் பார்க்கச் சொல்லுங்கள். வெட்டுவது, அம்மியில் அரைப்பது, அண்டாவைத் தூக்குவது எல்லாம் பெரும்பாலும் இளவட்டங்கள்தான். தாத்தா பழைய சமையல்காரர், பக்குவம் பார்த்துக்கொண்டு நடுநாயகமாக நிற்பார், ஜனம் அவரைத்தான் பார்க்கிறது. உங்கள் வீட்டிலும் அம்மி பேரனுக்கு, கரண்டி பாட்டிக்கு என்று பிரித்துவிடுங்கள். ஸ்டூல் போட்டு உட்கார்ந்து சமைத்தால் யாரும் ஓடிவிட மாட்டார்கள். (பையன் அவசரத்தில் மீன் போட்ட குழம்பைக் கிளறினால் பாட்டி திட்டுவார். அதையும் படமெடுக்கட்டும், அதுதான் நன்றாக ஓடும்.)

கொரியாவில் பக் மக்-ரே என்று ஒரு பாட்டி, 1947-ல் பிறந்தவர், பல வருஷம் சாப்பாட்டுக்கடை நடத்தியவர். மறதி நோய் வரலாம் என்று டாக்டர் சொன்னதும் பேத்தி வேலையை விட்டுவிட்டு அவரை ஆஸ்திரேலியாவுக்குச் சுற்றிப் பார்க்கக் கூட்டிப்போனார், அங்கே எடுத்த வீடியோதான் 2017-ல் பரவி, கடைசியில் 2019-ல் கூகுள் தலைவர் சுந்தர் பிச்சையைச் சந்திக்கிற அளவுக்குப் போனது. அங்கே பாட்டிக்காகக் கேமரா வந்தது. உங்கள் வீட்டில் வரிசை மாறுகிற மாதிரி தெரிகிறது, அதனால்தான் சொல்கிறேன். வாரம் மூன்று போட்டே ஆகவேண்டும் என்று யூடியூப் எந்தச் சட்டமும் வைக்கவில்லை. கால் நன்றாக இருக்கிற நாளில் இரண்டை எடுத்து வைத்துக்கொள்ளலாம், வலிக்கிற நாளில் கேமராவை வைத்துவிட்டு டாக்டரிடம் கூட்டிப்போகட்டும்.

அப்புறம், நீங்கள் கேட்காத ஒன்று: பணம். ஆயிரம் சந்தாதாரர்கள், ஒரு வருஷத்தில் 4,000 மணி நேரம் பார்வை (ஷார்ட்ஸ் என்றால் கணக்கு வேறு) என்று தாண்டியபின் விண்ணப்பித்து ஒப்புதல் வாங்கினால் விளம்பர வருமானம் வரத் தொடங்கும், ஆட்சென்ஸ் (விளம்பரப் பணத்தைக் கூகுள் சேர்த்து வைக்கிற இடம்) கணக்கில் 100 டாலர் சேர்ந்ததும் வங்கிக்கு வரும். யார் வங்கிக்கு? அநேகமாக உங்கள் மகனுடையதற்கு. அவன் எடிட் செய்கிறான், இரவெல்லாம் விழிக்கிறான், அவனுக்கும் பங்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் முகம் பாட்டியுடையது, கைப்பக்குவம் பாட்டியுடையது. மாதாமாதம் ஒரு தொகை அவர் பெயரில் உள்ள கணக்குக்குப் போகட்டும், எவ்வளவு வந்தது என்று அவரிடம் வாய்விட்டுச் சொல்லவும் வேண்டும். புடவை எடுத்துக் கொடுத்துக் கணக்கை முடிக்கிற வேலையெல்லாம் வேண்டாம்.

கேள்வி: தபால் துறையில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவன். சமைக்கத் தெரியாது, ஆடவும் வராது. என்னை எல்லாம் யூடியூபில் யார் பார்ப்பார்கள்?
- வாசகர், விருத்தாசலம்

பதில்: பீட்டர் ஓக்லி என்ற ஆங்கிலேயர் 2006-ல் இதையேதான் நினைத்திருப்பார். அப்போது அவருக்கு எண்பதை நெருங்குகிற வயது, யூடியூபுக்கும் அது குழந்தைப் பருவம். வீட்டில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து தன் பழைய கதைகளைச் சொன்னார், அவ்வளவுதான், வேறு வித்தை எதுவும் இல்லை. கொஞ்ச காலம் யூடியூபிலேயே அதிகம் பேர் பின்தொடர்ந்த ஆள் அவர்தான். ஜப்பானில் 1930-ல் பிறந்த ஹமாகோ மோரி வீடியோ கேம் ஆடியே கின்னஸில் ஏறினார்.

உங்களிடம் சரக்கு இல்லையா என்ன! 2013-ல் நிறுத்தப்பட்ட தந்தி, மணியார்டர் வந்த நாளில் வாசலிலேயே காத்திருந்த கிழவிகள், கடிதம் படித்துக் காட்டச் சொல்லி தபால்காரர் கையில் காபியைத் திணித்த வீடுகள், இதை எல்லாம் முப்பது வயசுக்காரன் எங்கே பார்த்தான்? எழுதி வைத்துப் படிக்காதீர்கள், எதிரில் ஒருத்தரை உட்கார வைத்து அவருக்குச் சொல்லுங்கள். ஃபேனை நிறுத்துங்கள், சட்டையில் மாட்டுகிற சின்ன மைக் ஒன்று வாங்குங்கள். படம் சுமாராக இருந்தால் பொறுப்பார்கள், சத்தம் கேட்கவில்லை என்றால் தள்ளிவிட்டுப் போய்விடுவார்கள். உங்களோடு வேலை பார்த்தவர்கள் பெயர், வீட்டு முகவரி, பென்ஷன் விவரம் எதுவும் வேண்டாம்.

கேள்வி: எங்கள் தாத்தா திருவிழாவில் குடித்துவிட்டு ஆடியதை யாரோ எடுத்து ரீல்ஸ் போட்டுவிட்டார்கள். 'தாத்தா ஃபேமஸ் ஆயிட்டாரு' என்று ஊரே சிரிக்கிறது. அவருக்கு இன்னும் தெரியாது.
- வாசகி, மதுரை

பதில்: முதலில் அவரிடம் சொல்லிவிடுங்கள், டீக்கடையில் தெரிந்துகொள்வதைவிட வீட்டில் தெரிந்துகொள்வது மேல். அவர் விழுந்து விழுந்து சிரித்தால் பிரச்சினை முடிந்தது, நீங்களும் விட்டுவிடுங்கள். கூசிப்போனார் என்றால் வீடியோவின் லிங்க்கையும் ஸ்கிரீன்ஷாட்டையும் எடுத்து வைத்துக்கொண்டு, போட்டவரிடம் நீக்கச் சொல்லுங்கள். கேட்கவில்லையா, அந்தத் தளத்திலேயே புகார் கொடுக்க வழி இருக்கிறது, கொடுங்கள். தாத்தாவையே பக்கத்தில் வைத்துக்கொண்டு அவர் சார்பில் கொடுத்தால் நல்லது. கோபத்தில் அந்த வீடியோவை நீங்களே நாலு குரூப்புக்கு அனுப்பி 'பாருங்கள் இந்த அநியாயத்தை' என்று எழுதிவிடாதீர்கள், அதுவும் வியூஸ் கணக்கில்தான் சேரும்.