பதினான்காயிரம் சம்பளக்காரருக்கு எந்த அட்டை?

கேள்வி: லேத் பட்டறை வைத்திருக்கிறேன். எட்டுப் பேர் வேலை செய்கிறார்கள். ஆளுக்கு மாதம் 14,000 ரூபாய் சம்பளம். எல்லோரும் முப்பது, நாற்பது வயதுக்காரர்கள், நல்ல உடல்வலு உள்ளவர்கள். அவர்களில் மூன்று பேர் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை வைத்திருக்கிறார்கள். முதியோருக்கும் குழந்தைகளுக்கும் தரட்டும். உழைத்துச் சம்பாதிக்கிறவனுக்கு என் வரிப்பணத்தில் எதற்கு ஐந்து லட்சம்? என் குடும்பத்துக்கு நான் சொந்தப் பணத்தில்தானே பிரீமியம் கட்டுகிறேன்?
– ஒரு வாசகர், கோவை

பதில்: முதலில் உங்கள் பிரீமியத்தைப் பார்ப்போம். பழைய வருமான வரி முறையில் இருப்பவர் அதற்காக வரிக்குரிய வருமானத்தில் ஆண்டுக்கு 25,000 ரூபாய் வரை கழித்துக்கொள்ளலாம். தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு இருந்த 18 சதவீத ஜிஎஸ்டியும் 2025 செப்டம்பரில் நீக்கப்பட்டுவிட்டது. அரசு வாங்காமல் விட்ட அந்த வரியும் பொதுப்பணம்தான். சோப்புக்கும் பிஸ்கட்டுக்கும் உங்கள் தொழிலாளி கட்டும் வரியும் அதில் சேர்ந்திருக்கிறது.

ஐந்து லட்சத்தை யாரும் கையில் வாங்கிக்கொண்டு போவதில்லை. நோய் வந்து மருத்துவமனையில் படுத்தால், அந்தச் சிகிச்சைக்கு நிர்ணயித்த தொகை மருத்துவமனைக்குப் போகிறது. அரசு மருத்துவமனையில் சேர்ந்தால் அங்கேயும் அந்த அட்டை பணம் கொண்டுவருகிறது. அந்த மருத்துவமனை கருவிகள் வாங்க அது உதவுகிறது.

உடல்வலு உள்ளவர்கள் என்கிறீர்கள். எங்கள் அச்சகத்தில் பைண்டிங் வேலை பார்த்தவரும் அப்படித்தான் இருந்தார். நாற்பத்தொரு வயதில் ஒரு நாள் காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். உயிர் பிழைத்தார். மனைவியின் நகை அடகுக்குப் போனது, பிறகு வீட்டுப் பத்திரம் போனது. பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்த மகன் படிப்பை நிறுத்திவிட்டு வேலைக்குப் போனான். முதியவர் படுத்தால் வீடு கலங்குகிறது. சம்பாதிக்கிறவர் படுத்தால் அடுப்பே அணைந்துவிடுகிறது. உழைக்கும் வயதில் இருப்பவருக்குக் காப்பீடு எதற்கு என்று யார் கேட்டாலும் எனக்கு அந்தப் பையனின் முகம்தான் நினைவுக்கு வருகிறது.

இப்போது உங்கள் பட்டறைக் கணக்குக்கு வருகிறேன். மாதம் 14,000 என்றால் ஆண்டுக்கு 1,68,000. திட்டத்தின் குடும்ப வருமான வரம்பு 1,20,000. அதாவது மாதம் 10,000 ரூபாய். கணவன் மனைவி இருவர் சம்பாத்தியமும் அதற்குள் அடங்க வேண்டும். உங்களிடம் முழுச் சம்பளம் வாங்கும் எவரும் அதற்குள் வர மாட்டார். அப்படியானால் அந்த மூன்று பேருக்கு அட்டை எப்படிக் கிடைத்தது என்று அடுத்ததாகக் கேட்பீர்கள். வருமானம் குறைவாக இருந்த காலத்தில் எடுத்திருக்கலாம், குறைத்துச் சொல்லியும் வாங்கியிருக்கலாம். அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 2009-இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தபோது வரம்பு 72,000 ரூபாய். 2012 ஜனவரியில் ஜெயலலிதா ஆட்சியில் திட்டம் புது வடிவம் பெற்றது. 2018-இல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு இணைந்து, காப்பீட்டுத் தொகை ஐந்து லட்சமானது. இத்தனை மாற்றத்துக்கும் நடுவில் அந்த 72,000 மட்டும் அசையவே இல்லை. 2022-இல்தான் 1,20,000 ஆனது. அரிசி விலையும் வீட்டு வாடகையும் அதுவரை காத்திருந்தனவா? பிழைக்கப் போதாத ஒரு தொகையை வரம்பாக வைத்தால், உண்மையைச் சொல்கிறவர்தான் கிராம நிர்வாக அலுவலர் முன்னால் தோற்றுத் திரும்புவார். அரசின் மீது எனக்கு உள்ள கோபம் இதுதான். முகாம்களில் வாழும் இலங்கைத் தமிழர்களுக்கு இந்த வருமான வரம்பு கிடையாது. நல்ல முடிவு அது. அந்தப் பரிவை மாதம் பதினைந்தாயிரத்துக்குள் சம்பாதிக்கும் வீடுகளுக்கும் காட்டினால் என்ன?

அந்த மூன்று பேரை எண்ணிய நீங்கள் மற்ற ஐந்து பேரை எண்ணவில்லை. அவர்கள் கையில் எந்த அட்டையும் இல்லை. தனியார் பிரீமியம் கட்ட 14,000-இல் மிச்சம் இருக்காது. மாதம் 21,000 வரை வாங்கும் தொழிலாளிக்கு இஎஸ்ஐ என்ற தொழிலாளர் அரசுக் காப்பீடு உண்டு. ஆனால் அது பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்துக்குத்தான் கட்டாயம். உங்களிடம் எட்டுப் பேர். எனவே அந்த வாசலும் அவர்களுக்கு மூடியிருக்கிறது.

அதை நீங்கள் திறக்கலாம். 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பின்படி, பத்துப் பேருக்குக் குறைவான இடமும், உரிமையாளரும் பெரும்பான்மைத் தொழிலாளர்களும் சம்மதித்தால், தானாக முன்வந்து இஎஸ்ஐயில் சேரலாம். முதல்வர் திட்டம் பெரும்பாலும் படுக்கையில் சேர்ந்தபின் கிடைக்கும் சிகிச்சைக்கானது. இஎஸ்ஐயில் காய்ச்சலுக்கும் மருந்து வாங்கலாம். நோய்க்காக விடுப்பு எடுத்தால் ஆண்டில் 91 நாள் வரை ஊதியத்தில் 70 சதவீதம் கிடைக்கும்.

உரிமையாளர் பங்கு 3.25 சதவீதம், தொழிலாளி பங்கு 0.75 சதவீதம். 14,000 ரூபாய்ச் சம்பளத்துக்கு உங்கள் பங்கு 455 ரூபாய், அவர் பங்கு 105 ரூபாய். எட்டுப் பேருக்கும் சேர்த்து நீங்கள் கட்ட வேண்டியது மாதம் 3,640 ரூபாய். சிங்காநல்லூர் இஎஸ்ஐ மருத்துவமனை உங்கள் ஊரில்தான் இருக்கிறது. எட்டுப் பேரையும் ஒரு நாள் உட்காரவைத்துப் பேசுங்கள். என்ன முடிவெடுத்தீர்கள் என்று எனக்கு மறக்காமல் எழுதுங்கள்.